இருபத்தொன்பது நிமிட எந்திரம்

மரத்தைத் தின்று தூளாக்கும் மூன்று சிப்பர் எந்திரங்களும் மைதானத்தின் ஓரத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. ஒவ்வொன்றுக்கும் எதிரே பத்து டன் மரம். எட்டாம் புயல் சாய்த்துப்போட்ட புங்கை, வாதநாராயணன், தூங்குமூஞ்சி, சவுக்கு, கூடவே ஈரம் காயாத தென்னை மட்டைகள். மூன்று குவியலும் ஒன்றுக்கொன்று இம்மியும் பிசகக்கூடாது என்று முந்தின நாள் முழுக்க வெயிலில் நின்று எடைபோட்டு அடுக்கவைத்தவள் அஞ்சலாட்சி. மாவட்ட மரப்படையின் தலைவி. இருபது வருடம் இடுப்பில் கயிற்றோடு மரமேறிவிட்டு, இப்போது தரையில் நின்று மற்றவர்களை ஏற்றி இறக்குகிறவள்.

கடலூர்க் கரையில் புயல்களுக்குப் பெயர் வைத்து மாளாமல் எண் வைக்கத் தொடங்கி நான்கு வருடம் ஆகிறது. இந்த வருடத்தின் ஒன்பதாவது, வங்கக் கடலில் திரண்டுகொண்டிருந்தது. மூன்று நாளில் கரை தொடும் என்றார்கள். எந்த எந்திரம் வேண்டும் என்று இன்று மாலை ஐந்து மணிக்குள் அஞ்சலாட்சி எழுதிக் கையெழுத்திட வேண்டும். எழுதினால் அதே மாதிரியில் நான்கு எந்திரங்கள் புயலுக்கு முன்னால் லாரியில் வந்து இறங்கும்.

எட்டாம் புயலில் கடற்கரைச் சாலையின் ஆறு கிலோமீட்டரைத் திறக்க மரப்படைக்குப் பதினோரு மணி நேரம் ஆயிற்று. சாலையின் அந்தக் கோடியில், சிங்காரமேட்டு மீனவர் தெருவின் முனையில், ஓர் ஆம்புலன்ஸ் காத்திருந்தது. கடைசி மரத்தை அகற்றிவிட்டுப் போய் அதன் கதவைத் திறந்தவள் அஞ்சலாட்சிதான். உள்ளே கிடந்தவருக்கு அவசரம் தீர்ந்துபோய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து எந்த மரத்தைப் பார்த்தாலும் இது எத்தனை நிமிடம் என்றுதான் அவளுக்குத் தோன்றுகிறது.

“எருமையை அவுத்து விடட்டுமா?” என்று கத்தினார் கலியபெருமாள். ஐம்பத்திரண்டு வயது. படையில் மரம் ஊட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

எருமை என்பது முதல் எந்திரம். மூன்று நாள் பயிற்சி ஓட்டத்திலேயே படைக்காரர்கள் மூன்றுக்கும் பெயர் சூட்டிவிட்டார்கள். எருமைக்குக் கனத்த உருளை, டீசல் இன்ஜின், கறுப்புப் புகை. எதைப் போட்டாலும் தின்னும், தன் வேகத்தில்தான் தின்னும். இரண்டாவது புதுப்பொண்ணு. மின்கலத்தில் ஓடும். சத்தம் வெளியே வராது. மூன்றாவது வாத்தியார். வாய்க்கு மேலே ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று என்று அதற்கு மூன்று கண்ணாடிக் கண்கள். நிற்கிறவனை எல்லாம் உற்றுப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

காலையிலேயே மூன்றுக்கும் பூசை ஆகியிருந்தது. மாலை, சந்தனம், குங்குமம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம்.

எருமை ஐம்பத்திரண்டு நிமிடத்தில் தன் குவியலை முடித்தது. புதுப்பொண்ணு புங்கையைப் பூப்போலத் தூளாக்கியது. தென்னை மட்டை உள்ளே போனதும் நார் தகட்டைச் சுற்றிக்கொண்டு மூன்று முறை நின்றது. “மாமியார் வூட்டுச் சாப்பாடு எறங்கலையா ராசாத்தி?” என்று கேட்டபடி கலியபெருமாள் கத்தியால் நாரை அறுத்து அறுத்து எடுத்தார். எழுபத்தோரு நிமிடம்.

பிறகு வாத்தியார்.

முதல் கிளை போன வேகத்தைப் பார்த்தே படைக்காரர்கள் விசிலடித்தார்கள். முப்பதடி சவுக்கு அடிமரத்தைப் பிடித்தது தெரிந்தது, நுனி மறைந்தது தெரிந்தது, நடுவில் எதுவும் தெரியவில்லை. பின்பக்கக் குழாயிலிருந்து சில்லுகள் மஞ்சள் வில்லாக எழும்பி லாரியில் கொட்டின. படைக்காரி ஜெயசீலி இடப்பக்கமும் கலியபெருமாள் வலப்பக்கமும் ஓடி ஓடி ஊட்டினார்கள். மைதானத்து வேலிக்கு வெளியே பஸ்ஸுக்கு நின்ற ஜனம் பஸ்ஸை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. அஞ்சலாட்சி கையிலிருந்த கடிகாரத்தை இரண்டு முறை உலுக்கிப் பார்த்தாள். இருபத்தொன்பது நிமிடம்.

“அக்கா! பாதி! பாதி நேரம்க்கா!” என்று ஜெயசீலி ஹெல்மெட்டைக் கழற்றி மேலே வீசினாள்.

அஞ்சலாட்சியின் மனம் அதற்குள் கடற்கரைச் சாலைக்குப் போய்விட்டது. பதினொன்று, ஐந்தாகும். நன்றாக ஓடினால் நாலரை. அவளுக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. “எப்படிம்மா இது?” என்று கம்பெனிப் பொறியாளர் ரிஸ்வானாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

பரங்கிப்பேட்டைக்காரியான அவளுக்கும் பெருமை பிடிபடவில்லை. “மத்த மிஷின்லாம் பயந்து பயந்து இழுக்குதுக்கா. ஆளோட கை எங்க இருக்குன்னு அதுக்குத் தெரியாது. அதனால எப்பவுமே மெதுவா. இது ஒங்களைப் பாக்குது. கை தூரத்துல இருந்தா முழு வேகம். கிட்ட வந்தா குறைக்கும். இன்னும் கிட்ட வந்தா நின்னுடும். மூணு நாளா ஒவ்வொருத்தரையும் படிச்சு வச்சிருக்கு. இப்ப கலியபெருமாள் சாரு...”

“சாரா? நானா?”

“பெரிய கிளை உள்ள போறப்ப அதோட வால்ல ஒரு தட்டுத் தட்டுவாரே, அது கூடத் தெரியும் அதுக்கு.”

எல்லாரும் சிரித்தார்கள். கலியபெருமாளின் அந்தத் தட்டு படையில் பிரசித்தம். கண்டக்டர் பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டி ‘ரைட்’ கொடுப்பதுபோல, உள்ளே போகிற ஒவ்வொரு பெருங்கிளையையும் உள்ளங்கையால் தட்டித்தான் அனுப்புவார். வேண்டாம் என்று அஞ்சலாட்சி சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாள்.

பேசிக்கொண்டே வாத்தியாரைச் சுற்றி வந்த ரிஸ்வானா வலப்பக்கம் போனதும் நின்றாள். சிரிப்பு அப்படியே உறைந்தது.

“இது யார் வச்சது?”

வலப்பக்கக் கண்ணின் மேல், கண்ணாடி தெரியாதபடி, உள்ளங்கையளவு சந்தனம். நடுவில் குங்குமப் பொட்டு.

“நான்தான் இன்ஜினியரம்மா. நெத்தி எதுன்னு தெரியல, இது நெத்தியாட்டம் இருந்துச்சு” என்றார் கலியபெருமாள்.

“இருபத்தொன்பது நிமிஷமும் இந்தக் கண்ணு மூடித்தான் இருந்துச்சா? மேல்கண்ணு மரத்தை மட்டுந்தான் பாக்கும், இந்தப் பக்கத்துக்கு இது ஒண்ணுதான்.” அவள் திரையைத் தட்டிப் பதிவை ஓட்டிப் பார்த்தாள். முகம் மறுபடி மலர்ந்தது. “ஆனா பாருங்க, ஒவ்வொரு தடவையும் சாரோட கைக்கு சரியா வேகம் குறைஞ்சிருக்கு! அவரைப் பாக்காமலே பாத்துக்கிட்டிருக்கு!” சொல்லிவிட்டுச் சந்தனத்தைத் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தாள்.

“துடைக்காத” என்றாள் அஞ்சலாட்சி. “கலியண்ணா, நீ போய் டீ குடிச்சிட்டு வா.”

“இப்பவா?”

“இப்பத்தான்.”

அவர் வேலிக்கு வெளியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததை உறுதி செய்துகொண்டு எந்திரத்தை ஓட்டச் சொன்னாள். ஜெயசீலி மட்டும் இடப்பக்கமிருந்து ஊட்டினாள். புங்கைக் கிளை பாய்ந்து உள்ளே போனது. வால் நெருங்கியபோது எந்திரத்தின் இரைச்சல் ஒரு கணம் தாழ்ந்து, பிறகு உயர்ந்தது. அடுத்த கிளை. மறுபடி தாழ்ந்தது. வலப்பக்கத்தில் காற்றைத் தவிர எதுவும் இல்லை. திரையில் வரி வரியாக எழுத்து ஓடியது: வலப்பக்கம், கலியபெருமாள், கை அருகில், வேகம் குறைக்கப்பட்டது.

டீ கிளாசோடு திரும்பி வந்த கலியபெருமாள் திரையைப் பார்த்தார். பிறகு தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். “ஏய், நான் தட்டுவேன்னு காத்துக்கிட்டு இருக்குடி அது! நான் அங்க டீ குடிக்கிறேன், இங்க நின்னு வேலையும் பாக்குறேன். ரெண்டு ஆள் கூலி வாங்கிக் குடு அஞ்சல!”

படையே உருண்டு சிரித்தது. அஞ்சலாட்சி சிரிக்கவில்லை. ஆரஞ்சு நிறக் கையுறை ஒன்றை எடுத்து அதில் வாழைத்தண்டைத் திணித்தாள். நீண்ட கம்பின் நுனியில் அதைக் கட்டி, கலியபெருமாள் ஒருநாளும் கை வைக்காத கீழ் மூலையில், கிளையோடு கிளையாக வலப்பக்கமிருந்து நீட்டினாள்.

இரைச்சல் தாழவில்லை. குழாயிலிருந்து சில்லுகளோடு கொஞ்சம் தண்ணீரும் ஆரஞ்சு நூல்களும் வந்து விழுந்தன.

கலியபெருமாள் குனிந்து ஓர் ஆரஞ்சு நூலை எடுத்துப் பார்த்தார்.

“கண்ணைத் துடைச்சிட்டா நின்னுடும்க்கா. சத்தியமா நிக்கும்” என்றாள் ரிஸ்வானா.

“புயல் மழையில எத்தனை நிமிஷத்துக்கு ஒருதரம் துடைக்கணும்? எலை வந்து ஒட்டும், மரத்தூள் ஒட்டும்.”

“அதுக்காகத்தான்க்கா இந்த ஊகமே. கண்ணு மறையிறப்பல்லாம் நிக்கிற மாதிரிதான் மொதல்ல செஞ்சாங்க. அப்ப ஐம்பத்தெட்டு நிமிஷம் ஆச்சு.”

“எருமையை விட மெதுவு.”

“ஆமா. அதான், கண்ணு மறைஞ்சா ஆள் வழக்கமா என்ன செய்வாரோ அதை வச்சு நிரப்பிக்கச் சொல்லிக் குடுத்தாங்க.”

“மறைஞ்சிருக்குன்னு நமக்குச் சொல்லுமா?”

ரிஸ்வானா தரையைப் பார்த்தாள். “மணி அடிக்கிற மாதிரி இருந்துச்சு. ஓயாம அடிச்சிக்கிட்டே இருந்துதுன்னு எடுத்துட்டாங்க.”

அப்படியானால் இருபத்தொன்பது நிமிடம் என்பது கத்தியின் கூர்மையால் வந்த வேகம் அல்ல என்று அஞ்சலாட்சிக்கு விளங்கியது. கலியபெருமாள் நாளைக்கும் இன்றைய கலியபெருமாளாகவே இருப்பார் என்ற நம்பிக்கையில் வந்த வேகம்.

“எருமைன்னே எழுதிடறேன்” என்றாள்.

எதிர்த்தவர் கலியபெருமாள்தான். இடது கையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதியில் முடிந்திருந்தன. “இது எருமையோட அப்பன் தின்னது. முப்பது வருசம் மிஷின் முன்னாடி நிக்கிறேன். நான் இல்லாத எடத்துலகூட என் கைக்காக நின்னு பாத்தது இது ஒண்ணுதான். என் பொண்டாட்டிகூட எனக்காகக் காத்திருக்க மாட்டா, சாப்பிட்டுட்டுப் படுத்துடுவா.”

“உன்னைத் தெரியும்ணா அதுக்கு. என்னைத் தெரியும், ஜெயசீலியைத் தெரியும். தெருக்காரங்களைத் தெரியுமா?”

அவர் கையைக் கீழே இறக்கினார். புயலுக்குப் பிறகு மரப்படை ஒரு தெருவுக்குள் நுழைந்தால் அந்தத் தெரு கையைக் கட்டிக்கொண்டு நிற்காது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆண்களும், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பெண்களும் இறங்கிவிடுவார்கள். சிங்காரமேட்டில் கேட்கவே வேண்டாம். வலை இழுக்கிற பாட்டோடு மரத்தை இழுத்து வந்து எந்திரத்தின் வாயிலேயே கொடுப்பார்கள். படையின் வேலையில் பாதி அவர்களுடையது.

“தெரியாத ஆளைக் கண்ணு பாத்தா நிக்கும். பாக்கலைன்னா அங்க யாரும் இல்லைன்னு வச்சுக்கும்” என்றாள் ரிஸ்வானா.

நாலே முக்காலுக்கு அஞ்சலாட்சி பேனாவைத் திறந்தாள். எருமையின் ஐம்பத்திரண்டு நிமிடத்தை எழுதிப் பார்த்தாள். ஆம்புலன்ஸ் கதவின் கைப்பிடி அவள் கையில் மறுபடி குளிர்ந்தது. ஆரஞ்சு நூல்களையும் பார்த்தாள். கடைசியில் எழுதினாள்: ‘மூன்றாவது எந்திரம். நிபந்தனை: வேலை நடக்கும் இடத்தைச் சுற்றி நாற்பதடிக்குக் கயிறு. எந்திரம் அறியாத யாரும் கயிற்றுக்கு உள்ளே வரக்கூடாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கண் துடைக்கப்பட வேண்டும்.’

ஒன்பதாம் புயல் சொன்ன நாளில், விடிவதற்கு முன்பு கரையேறியது. ஆறு மணிக்கு, மைதானத்து வாத்தியார் படித்ததையெல்லாம் பகிர்ந்துகொண்ட நான்கு வாத்தியார்களும் கடற்கரைச் சாலையில் வரிசையாக இறங்கின.

அப்படியொரு காலையைப் படை அதற்கு முன் பார்த்ததில்லை. ஒரு மரத்தை அறுத்து முடிப்பதற்குள் முந்தின மரம் தூளாகி லாரியில் ஏறியிருந்தது. ஏழு மணிக்கு இரண்டு கிலோமீட்டர். எட்டரைக்கு நான்கு. அறுக்கிறவர்களால் எந்திரத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. மழையில் நனைந்த தலைகளோடு ஒருவரையொருவர் கூவி விரட்டினார்கள். “தின்னக் குடுடா, அது பசியா நிக்கிது!”

கயிற்றுக்கு வெளியே தெருக்காரர்கள் நின்றார்கள். கையில் அரிவாள், தோளில் வடம், முகத்தில் அவமானம்.

“எங்க தெரு மரத்தை நாங்க தொடக்கூடாதா?” என்றார் ஒருவர்.

“மிஷினுக்கு நம்ம மூஞ்சி புடிக்கலையாம், போட்டோ எடுத்து அனுப்புங்கடி!” என்றாள் ஒருத்தி.

அஞ்சலாட்சி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்தாள். சாலையின் முக்கால் பங்கு திறந்ததும் மற்ற மூன்று எந்திரங்களைப் பக்கத்துத் தெருக்களுக்கு அனுப்பினாள். ரிஸ்வானாவையும் கூட்டிக்கொண்டு ஒன்றோடு மட்டும் முன்னேறினாள். மணி பத்தே கால். ஒரே ஒரு மரம்தான் பாக்கி, சாலைக்குக் குறுக்கே மல்லாந்து கிடந்த பெரிய தூங்குமூஞ்சி. அதற்கு அந்தப் பக்கம் சிங்காரமேட்டு முனை. அங்கே, விளக்கு சுழல, ஓர் ஆம்புலன்ஸ்.

“உள்ள ஆள் இருக்காங்களா?” என்று மரத்துக்கு மேலாகக் கத்தினாள்.

“மூச்சு இருக்குது! நெஞ்சு வலி! சீக்கிரம்!” என்று ஓட்டுநர் கத்தினார்.

படைக்கு வெறி பிடித்தது. நடுமரத்தை மூன்று பேர் மூன்று இடத்தில் அறுத்தார்கள். கலியபெருமாள் ஒவ்வொரு கிளையையும் தட்டி அனுப்பினார். ஜெயசீலி அந்தப் பக்கம் ஏறிக் குதித்துக் கயிறு கட்டப் போனாள்.

அந்தக் கயிறு கட்டி முடிவதற்குள் ஒரு பெண் மரத்தின் இடுக்கில் நுழைந்து இந்தப் பக்கம் வந்துவிட்டாள். ஆம்புலன்ஸில் கிடந்தது அவள் கணவர். அறுத்துப்போட்ட கிளைகளை வடத்தால் ஒரே கட்டாகக் கட்டி, சிங்காரமேட்டுப் பெண்கள் வலையின் கயிற்றை இழுப்பதுபோல, வடத்தின் முனையை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு இழுத்தாள். வலப்பக்கமாக வந்தாள். கட்டை எந்திரத்தின் வாயில் தள்ளினாள். உருளை கட்டைப் பிடித்தது.

இரைச்சல் தாழவில்லை. வலப்பக்கக் கண்ணின் மேல் ஈரத்தூள் அப்பியிருந்தது.

அஞ்சலாட்சி இடுப்பில் தொங்கிய, அந்த ஓர் எந்திரத்தை மட்டும் நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அடித்தாள். உருளை நின்றபோது வடம் விறைத்திருந்தது. அந்தப் பெண்ணின் கை வாயின் விளிம்பிலிருந்து ஒரு முழம் தள்ளி இருந்தது. கலியபெருமாள் பாய்ந்து வடத்தை வெட்டினார்.

“ஏன்டி நிறுத்தின?” என்று அந்தப் பெண் அஞ்சலாட்சியின் சட்டையைப் பிடித்தாள். தனக்கு என்ன நடக்க இருந்தது என்பது அவளுக்குத் தெரியவில்லை. “என் வூட்டுக்காரன் அங்க கெடக்குறான், நீ நிறுத்தி வேடிக்க பாக்குறியா?”

திரையில் எழுத்து தோன்றியது: அவசர நிறுத்தம். வலப்பக்கம்: கலியபெருமாள், கை தொலைவில். வேறு யாருமில்லை. காரணத்தைத் தேர்ந்தெடுக்கவும். கீழே இரண்டு கட்டங்கள். ஆளுக்கு ஆபத்து. தவறுதலாக அழுத்தியது.

அஞ்சலாட்சியின் விரல் முதல் கட்டத்துக்குப் போனது.

“அக்கா, அதைப் போட்டா சோதனைக்காகப் பூட்டிக்கும். இருபது நிமிஷம். என்னாலகூடத் திறக்க முடியாது” என்றாள் ரிஸ்வானா.

“கீழ இருக்கிறதைப் போட்டா?”

“உடனே ஓடும்.”

ஆம்புலன்ஸ் ஹாரன் விடாமல் அலறியது. அஞ்சலாட்சி கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள். கீழ்க் கட்டத்தை அழுத்தினாள். எந்திரம் எகிறிக்கொண்டு எழுந்தது.

ஒன்பது நிமிடம். கடைசித் துண்டு உள்ளே போனது. இலைக்கூழில் வழுக்கியபடி ஆம்புலன்ஸ் அவர்களைத் தாண்டியது. அந்தப் பெண் பின்கதவில் தொற்றி ஏறி உட்கார்ந்துகொண்டாள். நாலரை மணி நேரத்துக்குள் ஆறு கிலோமீட்டர். கயிற்றுக்கு இரண்டு பக்கமும் நின்ற ஜனம் ஓவென்று கத்தியது. கலியபெருமாள் லாரியின் பக்கவாட்டில் தாளம் போட்டு ஆடினார். ஜெயசீலி அழுதுகொண்டே விசிலடித்தாள். சற்று முன் வைதவர்கள் வந்து அஞ்சலாட்சியின் தலையைத் தொட்டுவிட்டுப் போனார்கள். சாலையின் வளைவில் விளக்கு மறையும்வரை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். இந்த முறை நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விடும்.

“அக்கா” என்றாள் ரிஸ்வானா. அவள் திரையின் எதிரே நின்றாள். “நாம அழுத்துறதையெல்லாம் சேத்து வச்சு இது சாயங்காலந்தான் கத்துக்கும்னு நெனச்சிட்டேன்.”

திரையில் புது வரிகள் இருந்தன.

‘நன்றி. தேவையற்ற நிறுத்தத்திலிருந்து கற்றுக்கொள்ளப்பட்டது. வலப்பக்கம் யாருமில்லை என்ற கணிப்பு சரியென உறுதியானது. இதுபோன்ற நிலையில் இனி வேகம் கூட்டப்படும். நான்கு எந்திரங்களுக்கும் அனுப்பப்பட்டது.’

மழை விட்டிருந்தது. பக்கத்துத் தெருக்களில் ஓடிக்கொண்டிருந்த மூன்று எந்திரங்களின் இரைச்சல் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. மூன்றும் ஒன்றாக ஒரு படி உயர்ந்திருந்தன. அதற்கு ஊடே, பெண்களும் ஆண்களும் சேர்ந்து இழுக்கிற வலைப்பாட்டு. அந்தத் தெருக்களில் தடுப்புக் கயிறு இன்னும் நிற்கிறதோ என்னவோ.

அஞ்சலாட்சி வாக்கி-டாக்கியை வாயருகே கொண்டுபோய்க் கத்தினாள். “நிறுத்துங்க. எல்லாரும் மிஷினை நிறுத்துங்க. உடனே.”

கொஞ்ச நேரம் கரகரத்துவிட்டு பக்கத்துத் தெரு எந்திரத்தின் ஆள் பேசினான். குரலில் உற்சாகம் பொங்கி வழிந்தது.

“என்னக்கா சொல்றீங்க, சரியா கேக்கல! இப்பத்தான் இன்னும் சூப்பரா இழுக்குதுக்கா! தெருவே வந்து எறங்கிடுச்சு!”